உரை ஆய்வுக்கு பிஎச்.டி.: சென்னையா, சிகாகோவா?

நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு, தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாள நடையில் எழுந்த உரைகளில் ஆய்வு செய்ய ஆசை என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் விண்ணப்பிப்பதும் சிகாகோவில் விண்ணப்பிப்பதும் வேறு வேறு வேலை.

இங்கே முதலில் நெறியாளரைப் பிடிக்க வேண்டும். அவரிடம் இடம் காலியாக இருக்கவேண்டும், தலைப்பும் அவருக்கு ஒத்துவரவேண்டும். பணத்துக்கு யுஜிசி நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு, ஆண்டுக்கு இருமுறை. அதில் ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர் பாடு திண்டாட்டம்தான்.

அங்கே எழுத்துதான் பேசும். நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரை ஒன்று. கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி வரும். அறிக்கையை ‘சிறுவயது முதலே தமிழ்மீது தீராக் காதல்’ என்று மட்டும் தொடங்காதீர்கள். காதல் எல்லாருக்கும் உண்டு. திருவாய்மொழியின் பேருரையான ஈட்டில் ஒரு பாசுரத்தை எடுங்கள். தலைவி பேசும் இடத்தை உரைகாரர் ஆழ்வாரின் பேச்சாக எப்படித் திருப்புகிறார் என்று கேளுங்கள். அந்த ஒரு பத்தி போதும், தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும். இடம் கிடைத்தால் கட்டண விலக்கும் உதவித்தொகையும் பொதுவாகச் சேர்ந்தே வரும். சமஸ்கிருதமும் கூடவே படிக்கச் சொல்வார்கள்.

சரி, சுவடி? பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்கோ சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கோ சிகாகோ மாணவரும் டிக்கெட் போட்டுத்தான் வரவேண்டும். ஜேஆர்எஃப் கையில் இருந்தால் நான் சென்னையிலேயே இருந்துவிடுவேன்.