எடை மேடையில் ஆறு ஆண்டுகள்: பைத்தானின் குப்பை சேகரிப்பானும் என் சி நீட்சியும்

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும் சாலையை ஒட்டி ஒரு யார்டு. அங்குள்ள எடை மேடைக்கு 2019 ஜூனில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். எடை சரிபார்க்கப்படாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற பன்னாட்டு விதி 2016 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பதால், அந்த மேடைக்கு இரவிலும் ஓய்வு கிடையாது. நிரலுக்கும் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சில நாள் யார்டு மூடிக் கிடந்தது. மற்ற நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நிரலின் பெரும்பகுதி பைத்தான் மொழியில். எடை காட்டும் கருவியோடு வந்த நூலகம் சி மொழியில் இருந்ததால், கருவியைப் படிக்கும் பகுதியைச் சி மொழியிலேயே, பைத்தானோடு இணையும் நீட்சி வகைகளாக (வகை என்பது பொருள்களை வார்க்கும் அச்சு) எழுதினேன். சீரியல் கம்பி வழியாக நொடிக்குப் பத்து எண்கள் வரும். வண்டி மேடையில் ஏறியதும் ‘அமர்வு’ என்ற பொருள் ஒன்று, அதாவது தனக்கென இடம் வைத்திருக்கும் ஒரு தரவுத் தொகுப்பு, நினைவகத்தில் பிறக்கும். வரும் எண்களை 64 கிலோபைட் இடத்தில் சேர்த்துக்கொண்டே போய், எண் ஆடாமல் நின்றதும், திரையைப் பார்த்துக்கொள்ளும் பைத்தான் பொருளின் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ஒன்றை அது அழைக்கும். சீட்டு அச்சாகும், வண்டி இறங்கும். இந்த வகைகளுக்குச் சுழற்சிக் குப்பை சேகரிப்பு ஆதரவு (ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வீணாகக் கிடக்கும் பொருள்களைப் பைத்தான் தானே அகற்ற உதவும் ஏற்பாடு) சேர்த்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆதரவைச் சேர்க்கவில்லை. தேவையில்லை என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து, மேடைச் சாவடியில் இருக்கும் காசிமேட்டு அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, சீட்டு வர ஒரு நிமிடம் ஆகிறது. பின்னால் நிற்கும் டிரைவர்கள் ஹாரனை விட்டு கையை எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள்” என்றார். போய்ப் பார்த்தால் கணினியின் 2 ஜிபி நினைவகம் முழுக்க நிரம்பியிருந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 வண்டி, வண்டிக்கு 64 கிலோபைட் என்றால் நாளுக்கு 19 மெகாபைட். ஒரு அமர்வுகூட விடுவிக்கப்படவில்லை என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது.

பைத்தானில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை வைத்திருக்கும். அது பூஜ்யமானதும் பொருள் விடுவிக்கப்படும். என் அமர்வு திரைப் பொருளின் செயற்கூற்றைப் பிடித்திருந்தது, செயற்கூறு திரையை, திரை மறுபடியும் அமர்வை. வண்டி போய்விட்டது, வெளியிலிருந்து யாரும் பிடிக்கவில்லை. ஆனால் மூன்றும் ஒன்றையொன்று விடவில்லை. இப்படிப்பட்ட வளையங்களைக் கண்டுபிடிக்கத்தான் 2000-இல் வந்த பைத்தான் 2.0 முதல் சுழற்சிக் குப்பை சேகரிப்பான் இருக்கிறது. மணிக்கொரு முறை அதைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பைட்கூடக் குறையவில்லை.

ஏன் என்று புரிய, அது கணக்குப் பார்க்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தன் பார்வையில் உள்ள ஒவ்வொரு பொருளின் எண்ணிக்கையையும் அது பிரதி எடுத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொன்றிடமும் ‘நீ யார் யாரைப் பிடித்திருக்கிறாய்?’ என்று கேட்கிறது. பதிலில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் பிரதியில் ஒன்று கழிக்கிறது. கழித்த பிறகும் மிச்சம் இருந்தால், வெளியே யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவையும் அவற்றிலிருந்து போய்ச் சேரக்கூடியவையும் பிழைக்கும், மற்றவை குப்பை. பைத்தானில் எழுதிய வகைகளுக்கு இந்தப் பதில் தானாகவே கிடைத்துவிடும். சி மொழிக் கட்டமைப்புக்குள் என்ன இருக்கிறது என்பது நான் சொன்னால்தான் அதற்குத் தெரியும். என் அமர்வு எதுவும் சொல்லாததால், செயற்கூற்றின் கணக்கில் ஒன்று மிஞ்சியே நின்றது. வெளியே யாரோ பிடித்திருப்பதாக நினைத்து, சேகரிப்பான் மூன்றையும் விட்டுவிட்டுப் போனது. அதன் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை.

முக்கியமாகச் சேர்க்க வேண்டியவை மூன்று: சேகரிப்பான் கவனிக்க வேண்டும் என்று வகையில் குறிக்கும் ஒரு கொடி, பிடித்திருப்பவற்றைச் சொல்லும் டிராவர்ஸ் என்ற செயற்கூறு, வளையத்தை அறுக்கும் கிளியர் என்ற செயற்கூறு. ஒரு மாலையில் எழுதி முடித்தேன். நினைவக ஏற்றம் நின்றது. அண்ணனின் அழைப்புகளும் நின்றன, மூன்று வாரத்துக்கு.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. நான்கைந்து நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் நள்ளிரவில், நிரல் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் செத்து விழுந்தது. அமர்வுக்குள், எடை மேடையைக் குறிக்கும் இன்னொரு பொருளான மேடைப் பொருளின் முகவரி ஒன்றும் இருந்தது. அதன் எண்ணிக்கையை நான் கூட்டவில்லை, அது வெறும் கடன் வாங்கிய முகவரி. ‘சொல்லி வைத்தால் தப்பில்லையே’ என்று டிராவர்ஸில் அதையும் சேர்த்திருந்தேன். தப்பு அங்கேதான். மேடைப் பொருளை உண்மையில் பிடித்திருந்தது கருவியைப் படிக்கும் சி பகுதி மட்டுமே, எண்ணிக்கை ஒன்று. செத்துப்போன அமர்வு ஒன்று, பிடிக்காத மேடையைப் பிடித்ததாகச் சொன்னதும் அந்த ஒன்றும் கழிந்துபோனது. உயிரோடு வேலை செய்துகொண்டிருந்த மேடை குப்பை என்று தீர்ப்பாகி, அதன் உள்ளிருந்தவை காலியாக்கப்பட்டன. அடுத்த எண் வந்ததும் வெற்று முகவரியில் கை வைத்து நிரல் விழுந்தது. நெடுநாளாக இருக்கும் மூத்த பொருள்களையும் சேர்த்துப் பார்க்கும் முழுச் சோதனை எப்போதாவதுதான் நடக்கும் என்பதால் விபத்தும் எப்போதாவது நடந்தது. உள்கணக்குகளைக் கூடுதலாகச் சரிபார்க்கும் பைத்தானின் பிழைதிருத்தப் பதிப்பில் ஓட்டி, செத்த அமர்வுகள் இரண்டை ஒன்றாகச் சேர விட்டபோதுதான், எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகப் பார்க்கிறது என்று அது அந்த இடத்திலேயே நின்று காட்டியது.

பிடித்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நினைவகம் கசியும், பிடிக்காததைச் சொன்னால் நிரல் சாகும். இரண்டில் கசிவுதான் எனக்கு மேல். கசிவு மெதுவாக வரும், அளந்து பார்க்கலாம். நள்ளிரவில் விழும் நிரல், வரிசையில் நிற்கும் டிரைவரின் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் இப்போது ஒவ்வொரு வகைக்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். குப்பை சேகரிப்பானுக்கென்று பைத்தானில் உள்ள ஜிசி தொகுதியில் ‘கெட்_ரெஃபரன்ட்ஸ்’ என்ற செயற்கூறு நம் டிராவர்ஸையே ஓட்டி, அது சொல்வதைப் பட்டியலாகத் தரும். எண்ணிக்கையைக் கூட்டிய இடங்களைச் சி நிரலில் விரல் வைத்து எண்ணி, அந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறேன். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் யார்டுக்கு அனுப்புவதில்லை.

மற்ற தடுக்கல்கள் சிறியவை. பொருளை விடுவிக்கும் செயற்கூற்றின் முதல் வரியிலேயே சேகரிப்பானின் கண்காணிப்பிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பாதி கலைத்த பொருளை அது எட்டிப் பார்க்கும். கிளியரில் முகவரியை முதலில் வெறுமையாக்கிவிட்டுப் பிறகே எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அதற்கென்றே உள்ள மேக்ரோ (ஆயத்த நிரல் துண்டு) இந்த வரிசையைச் சரியாகச் செய்கிறது. வகைகளை இயக்க நேரத்தில் உருவாக்கும் முறைக்கு 2022-இல் மாறியபோது, பைத்தான் 3.9 முதல் டிராவர்ஸ் தன் வகையையும் சொல்ல வேண்டும் என்பதைக் கவனிக்காமல் ஒரு வாரம் வீணானது.

எதிர்பாராத ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. எல்லாம் சரியான பிறகும் நினைவகம் ரம்பப் பல் போல ஏறி இறங்கியது. சேகரிப்பான் எத்தனை பொருள் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணுமே தவிர, அவை எவ்வளவு கனம் என்று பார்க்காது. நான் பயன்படுத்திய பதிப்புகளில், புதிதாகப் பிறந்த இளைய பொருள்களைச் சோதிக்கத் தொடங்கும் வரம்பு 700. மூத்தவற்றுக்கான முழுச் சோதனைக்கு, புதிதாகச் சேர்ந்தவை ஏற்கெனவே இருப்பவற்றில் கால் பங்கைத் தாண்ட வேண்டும். ஒரு எடை மேடைக்காரனுக்கு இது நன்றாகவே புரியும்: வண்டியை எண்ணுகிறது, டன்னைப் பார்ப்பதில்லை. 64 கிலோபைட் சுமக்கும் என் அமர்வும், சில பைட் உள்ள ஒரு சிறு பட்டியலும் அதற்கு ஒன்றுதான். எனவே அமர்வுக்கு ‘மூடு’ என்ற செயற்கூறு ஒன்றைச் சேர்த்து, சீட்டு அச்சானதும் அந்த இடத்தை நானே விடுவித்துவிடுகிறேன். சேகரிப்பான் இப்போது பின்காவல் மட்டுமே. வண்டி பாதியில் திரும்பிப் போனாலோ, அச்சுப்பொறியில் தாள் சிக்கினாலோ, மூட மறந்த அமர்வை அது பார்த்துக்கொள்கிறது. அந்த வேலையை இத்தனை ஆண்டில் ஒரு முறைகூட அது தவறவிட்டதில்லை.

ஒரே ஒரு எடை எண்ணையும் நேரத்தையும் மட்டும் வைத்திருக்கும் சிறிய ‘பதிவு’ வகைக்கு இன்றும் இந்த ஆதரவைச் சேர்க்கவில்லை. அது வேறெந்தப் பைத்தான் பொருளையும் பிடிப்பதில்லை, வளையத்தில் சிக்க வழியே இல்லை. சேர்த்தால் 64 பிட் கணினியில் ஒவ்வொரு பதிவுக்கும் சேகரிப்பானின் கணக்குக்காக 16 பைட் கூடுதல் தலைப்பு, நொடிக்குப் பத்துப் பதிவுகள்.