போலரைசர் வடிகட்டி: பல ஆண்டுப் பயணங்களில் கண்டது

பயணப் பையின் எடையைக் குறைக்க வேண்டிய நிலை வரும்போதெல்லாம் நான் வெளியே எடுத்து வைப்பது ஏதேனும் ஒரு லென்ஸாகத்தான் இருக்கும். லென்ஸின் முன்னே திருகி மாட்டி, வளையத்தைத் திருப்பிப் பயன்படுத்தும் 77 மில்லிமீட்டர் விட்டமுள்ள போலரைசர் வடிகட்டி இதுவரை பையைவிட்டு நீங்கியதில்லை. மலை, காடு, அருவி, ஏரி, கடற்கரை எனப் பல ஆண்டுகள் அதைப் பயன்படுத்திய பின், அதைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி அதன் மிகச் சிறிய பயனையே பெரிதாக்கிக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிர்நீல வானத்தைக் கருநீலமாக்கும் கருவி என்று எண்ணியே பலரும் இதை வாங்குகிறார்கள். என் அனுபவத்தில் இதன் உரிய இடம் வானம் அன்று. நனைந்த இலை, ஈரப் பாறை, நீர்ப்பரப்பு ஆகியவையே.

மழை ஓய்ந்த காட்டைப் படமெடுத்தவர்களுக்குத் தெரியும்: கண்ணுக்கு அத்தனை பச்சையாகத் தெரியும் இலைகள் படத்தில் வெளிறிச் சாம்பல் பூத்ததுபோல் நிற்கும். இலையின் மேலுள்ள மெழுகுப் படலமும் அதன்மேல் தங்கிய நீரும் வெண்மையான வானத்தைப் பிரதிபலிப்பதால், இலையின் சொந்த நிறம் அந்தப் பளபளப்பின் கீழே மறைந்துவிடுவதே காரணம். இவ்வாறு உலோகமல்லாத பரப்பில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வதாக மாறிவிடுகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் மாலுஸ் 1808ஆம் ஆண்டில் கண்டறிந்த உண்மை இது. அந்தத் திசையில் அதிரும் ஒளியை மட்டும் தடுத்து நிறுத்துவதே வடிகட்டியின் வேலை. வளையத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே வியூஃபைண்டரில் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட நிலையில் பளபளப்பு விலகிப் பச்சை வெளிப்படுவதைக் கண்ணெதிரே காணலாம்.

வானம் மூடியிருக்கிறது, ஆகவே இன்று போலரைசருக்கு வேலையில்லை என்று அதைக் கழற்றி வைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். காட்டுக்குள்ளும் அருவிக் கரையிலும் அதுதான் அதற்கு மிக ஏற்ற நாள். நேரடி வெயில் இல்லாததால் நிழலும் ஒளியும் மென்மையாக இருக்கும்; மிஞ்சியிருக்கும் ஒரே இடையூறான பளபளப்பை வடிகட்டி பார்த்துக்கொள்ளும். வானத்தின் நீலத்தையோ ஒட்டுமொத்த நிறச் செறிவையோ பின்னர் கணினியில் கூட்டிக்கொள்ள இயலும். ஆனால் பளபளப்பு மறைத்த இலை நரம்பும் நீருக்கடியிலுள்ள கூழாங்கல்லும் கேமராவின் ஒளி உணரியில் பதிவாகவே இல்லையென்றால், எந்த மென்பொருளாலும் அவற்றை உண்மையாக மீட்டெடுக்க இயலாது. மற்றப் பல வடிகட்டிகளை நான் கைவிட்ட பின்னும் இதை மட்டும் வைத்திருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

நீர்ப்பரப்பைப் பொறுத்தவரை நிற்கும் இடமே பாதி வேலையைச் செய்கிறது. நீரின் பிரதிபலிப்பு மிக முழுமையாகத் தடுபடுவது, நம் பார்வை நீர்மட்டத்தோடு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் இருக்கும்போதுதான். அதைவிட மிகத் தாழ்வாகப் பார்த்தாலும் நேர் மேலிருந்து குனிந்து பார்த்தாலும் விளைவு குறைந்துகொண்டே போகும். எனவே ஓடைக் கரையில் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பயனில்லை என்றால், முக்காலியின் உயரத்தை மாற்றுவதோ இரண்டடி பின்னே நகர்வதோ பெரும்பாலும் பலன் தருகிறது. அதே சமயம், பிரதிபலிப்பை முற்றாக நீக்குவதே இலக்கு என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. பளபளப்பு முழுவதும் போய்விட்டால் தெளிந்த ஓடையில் நீர் இருப்பதே தெரியாமல், வறண்ட படுகையைப் படமெடுத்தது போலாகிவிடுகிறது. ஏரியில் மலையின் நிழலுரு விழும் காட்சியில், கரையோரக் கற்கள் தெரியும் அளவுக்கும் மலை அழியாத அளவுக்கும் இடையில் ஓரிடத்தில் வளையத்தை நிறுத்துவதே என் வழக்கம். உச்ச விளைவிலிருந்து அறவே விளைவற்ற நிலைக்குச் செல்ல 90 பாகைத் திருப்பமே போதும் என்பதால், அந்த இடைப்பட்ட இடத்தைப் பொறுமையாகத்தான் தேட வேண்டும். ஆனால் உலோகப் பரப்பின் பளபளப்பு இந்த வடிகட்டிக்குக் கட்டுப்படாது.

வானத்துக்கு வருவோம். சூரிய ஒளி காற்று மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போதும் ஒரே திசை அதிர்வு உண்டாகிறது. பிரெஞ்சு அறிவியலாளர் அரகோ 1809ஆம் ஆண்டில் இதைக் கவனித்தார். தேனீக்கள் வழியறிவதற்கு இந்த வான ஒளியைப் பயன்படுத்துகின்றன என்பது தனியாகப் பேச வேண்டிய வியப்பு. சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வானப்பகுதியில் இவ்விளைவு மிகுதி. சூரியனை நோக்கியோ அதற்கு நேர் எதிரேயோ பார்த்தால் ஏறக்குறைய இல்லை. சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டிக் கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்துக் கையைச் சுழற்றினால், கட்டைவிரல் காட்டும் பட்டையே வானம் மிகவும் கருக்கும் பகுதி. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுள்ள உணரி கொண்ட முழுச்சட்ட கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் கிடைமட்டமாக ஏறத்தாழ 74 பாகையையும் 16 மில்லிமீட்டர் லென்ஸ் 97 பாகையையும் பார்க்கின்றன. இவ்வளவு அகலமான வானத்தில் ஒரு பக்கம் வெளிறியும் நடுவே கரிய பட்டை படிந்தும் இருப்பது தவிர்க்க முடியாதது. பல படங்களை ஒட்டி அகலப் பரப்புக்காட்சி உருவாக்கும்போது இது இன்னும் மோசமாகத் தெரியும். உயர்ந்த மலைப்பகுதியில் வானம் இயல்பாகவே அடர்நீலமாக இருப்பதால், வடிகட்டி முழு விளைவில் நின்றால் அது கறுப்பையே எட்டிவிடும். தெளிந்த நீல வானமும் அகலக் கோண லென்ஸும் சேர்ந்தால் நான் வடிகட்டியைக் கழற்றிவிடுகிறேன். சூரிய உதயத்தையும் மறைவையும் நேர் எதிரே நோக்கி எடுக்கும்போது அது ஒளியைக் குடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

வானவில் மட்டும் தனி வகை. அதன் ஒளி வில்லின் வளைவை ஒட்டிய திசையில் அதிர்வதால், வளையத்தை ஒரு புறம் திருப்பினால் வில் பின்னணியைவிட எடுப்பாகத் தெரியும். அங்கிருந்து 90 பாகை திருப்பினால் வில்லே மறைந்துவிடும். முழு வில்லையும் ஒரே சட்டத்தில் அடக்கும்போது, உச்சி எடுப்பாக இருக்கும் நிலையில் இரு கால்களும் மங்குவதைக் காணலாம். நான் முழு வில்லுக்கு வடிகட்டியைப் பயன்படுத்துவதில்லை. மலைச்சரிவில் இறங்கும் ஒரு துண்டை மட்டும், தொலைவை நெருக்கிக் காட்டும் நீள்குவிய லென்ஸில் எடுக்கும்போதுதான் அது கைகொடுக்கிறது.

இதற்கு நாம் தரும் விலை வெளிச்சம். என்னிடமுள்ள வடிகட்டி ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) ஒளியைக் குறைக்கிறது. அதாவது 1/500 வினாடியில் எடுக்க வேண்டிய படம் 1/180 அளவுக்கு இறங்கிவிடும். பறவை, விலங்கு, காற்றில் அசையும் புல் என எதுவாயினும் இந்த இழப்பு நேராகக் கூர்மையைத் தாக்குகிறது. இல்லையேல் கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைக் கூட்டி, படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சலை ஏற்க வேண்டும். விடியலில் பறவைகளுக்காகக் காத்திருக்கும் பயணத்தில் இது பையிலேயே கிடப்பது நல்லது. அருவிக்கு முன்னால் நின்றால் அதே இழப்பு வரவாகிறது: 1/8 வினாடி ஏறத்தாழ 1/3 வினாடியாக நீண்டு, ஒளியைக் குறைப்பதற்கென்றே உள்ள தனியொரு கருமை வடிகட்டி இல்லாமலேயே நீரின் ஓட்டம் மென்மையாகப் பதிகிறது. அருவித் திவலையில் நனைந்த பாறையின் பளபளப்பும் அதே நேரத்தில் நீங்குவதால், அருவிப் படங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வடிகட்டியை நான் அறியேன்.

கையாளுதலில் சிறு விஷயங்கள்தான் நீண்ட நாளில் எரிச்சலூட்டுகின்றன. கிடைமட்டமாக வைத்துத் திருப்பிய வளையத்தை, கேமராவைச் செங்குத்தாக மாற்றியவுடன் மீண்டும் 90 பாகை திருப்ப வேண்டும். பழகும்வரை இது மறந்துகொண்டே இருக்கும். லென்ஸின் முன் வெயில் மறைப்பான ஹூட் மாட்டியிருந்தால் விரல் உள்ளே நுழையாது. அடிப்பகுதியில் சிறு திறப்புள்ள ஹூட் கிடைத்தால் அதுவே வசதி. வளையத்தை எப்போதும் திருகு இறுகும் திசையில், அதாவது கேமராவுக்குப் பின்னால் நின்று பார்க்கையில் இடஞ்சுழியாக, திருப்புவதே பாதுகாப்பு. எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே இருந்தால் வடிகட்டி மெல்லக் கழன்று பாறையில் விழ வாய்ப்புண்டு. இறுகிப்போன வடிகட்டியை விரல் நுனிகளால் நெருக்கினால் வளையம் நெளிந்து இன்னும் இறுகும். அகன்ற ரப்பர் பட்டையைச் சுற்றி, விளிம்பு முழுவதிலும் சீரான அழுத்தம் கொடுத்தால் எளிதில் கழன்று வரும். போலரைசர் வகைக் குளிர்கண்ணாடியை அணிந்தபடி விளைவை மதிப்பிட முயல வேண்டாம். காட்சியும் மாறித் தெரியும், சில கோணங்களில் கேமராத் திரையே இருண்டுவிடும்.

வாங்க எண்ணுவோருக்கு வட்ட வகை, நேர்கோட்டு வகை என்ற குழப்பம் வரும். உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள பழைய வகைக் கேமராக்களில் ஒளியளவைக் கணிப்பதும் தானியங்கிக் குவியமும் அரைப்பிரதிபலிப்புக் கண்ணாடியைச் சார்ந்திருப்பதால், நேர்கோட்டு வகை அவற்றைத் தடுமாறச் செய்யும். அதற்காகவே பின்புறம் கூடுதல் படலம் ஒட்டிய வட்ட வகை வந்தது. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு அந்தத் தேவை பெரும்பாலும் இல்லையென்றாலும், இன்று எளிதில் கிடைப்பது வட்ட வகைதான், அதில் இழப்பு ஒன்றுமில்லை. உங்களிடமுள்ள மிகப் பெரிய லென்ஸின் விட்டத்துக்கு ஒன்றை மட்டும் வாங்கி, சிறிய லென்ஸ்களுக்கு மாற்றுவளையம் போட்டுக்கொள்வது சிக்கனம். வளையத்தின் தடிமனும் முக்கியம்: அகலக் கோணத்தில் தடித்த வளையம் சட்டத்தின் மூலைகளை இருட்டாக்கும். வேறொரு வடிகட்டியின் மேல் இதை அடுக்கினாலும் இதே விளைவுதான்.

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒட்டப்பட்ட மெல்லிய படலமே இதன் உயிர் என்பதால், இது காலமெல்லாம் ஒரே தரத்தில் உழைக்கும் பொருள் அன்று. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கிடக்கும் வெப்பமும் விளிம்பு வழியே புகும் ஈரமும் அந்தப் படலத்தைக் கெடுக்கும். கடற்கரையிலிருந்து திரும்பியதும் உப்புத் திவலையை உலர்ந்த துணியால் தேய்க்காமல், மணலை ஊதி நீக்கிய பின் ஈரத் துணியால் ஒற்றி எடுப்பது நல்லது. படலம் தளர்கிறதா என்பதை வெண்திரை காட்டும் எல்சிடி கணினித் திரையில் சோதிக்கலாம்: வடிகட்டியின் முன்பக்கம் திரையை நோக்கியிருக்கும்படி பிடித்து மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் முழுப்பரப்பும் சீராகக் கருக்க வேண்டும். ஓரங்களில் வெளிறிய திட்டுகளோ பழுப்பு நிறமோ தெரியத் தொடங்கினால், அடுத்த பயணத்துக்கு முன் புதியது ஒன்றை வாங்கிவிட வேண்டும்.