நிறுத்துவதற்கும் வழி சொல்லும் மனநல கிளினிக், நாகர்கோவில்

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தர நம் மாவட்டத்தில் இடங்கள் உண்டு. அதே மாத்திரையைக் குறைத்து நிறுத்துவது எப்படி என்று உட்காரவைத்துச் சொல்லித் தரும் இடத்தை நான் இங்கேதான் கண்டேன். இந்த மதிப்புரையை எழுதுவதற்கு அது ஒன்றே காரணம். மனநல மருத்துவர் ஒருவரிடம் போவதற்கு முன், மருந்தை விடும் காலத்தில் அவர் எவ்வளவு பொறுமையாக இருப்பார் என்பதைத்தான் நான் இனி விசாரிப்பேன்.

என் தொழில் ரப்பர் பால்வெட்டு, குலசேகரம் பக்கம். சொந்த மரங்கள் கொஞ்சம், குத்தகை மரங்கள் கொஞ்சம். அப்பா இறந்த ஆண்டு எனக்கு உறக்கம் போயிற்று, பிறகு பசி போயிற்று, பிறகு மரத்தடிக்குப் போகும் விருப்பமே போயிற்று. எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. எழுதித் தந்தார்கள். அந்த மாத்திரை எனக்கு உதவியது. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவே மாத்திரையை எடுத்து வீசிவிடக் கூடாது. நான் மறுபடியும் பால்வெட்டும் கத்தியைக் கையில் எடுத்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டதும் அதன் துணையால்தான். ஆனால் நலமாகி நெடுநாள் ஆன பிறகும் ஏதோ ஒரு மந்தம் மிச்சம் இருந்தது. தங்கை மகளை மணமேடையில் பார்த்தபோது கண் கலங்கவில்லை, நெஞ்சும் பொங்கவில்லை. தாம்பத்தியத்திலும் நாட்டம் குறைந்திருந்தது. இரண்டுமே இந்த வகை மருந்துகளால் பலருக்கு வரக்கூடியவை என்பதை இங்கே வந்த பிறகுதான் ஒருவர் எனக்கு விளக்கினார்.

முன்பு வேறோர் ஊரில் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், நிறுத்த வேண்டும் என்று கேட்டபோது கிடைத்த பதில் ஒரு வரிதான்: "ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுங்கள், பிறகு விட்டுவிடுங்கள்." அப்படியே செய்தேன். சில நாட்களில் தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற வெட்டு வரத் தொடங்கியது. கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பினால் போதும், அடிக்கும். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, சரிவில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகிறவனுக்கு அது எத்தகைய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. குமட்டல், வியர்வை, பயங்கரக் கனவுகள், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் கூடவே வந்தன. திரும்பப் போய்ச் சொன்னபோது, "நோய் திரும்பிவிட்டது, ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியதுதான்" என்றார்கள். இந்தக் கிளினிக்குக்கு வந்தது அதன் பிறகு.

இங்கே டாக்டர் அம்மா முதலில் கேட்ட கேள்வி, "ஷாக் அடிப்பது எத்தனையாவது நாளில் தொடங்கியது?" என்பது. சில நாட்களில் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். எஸ்சிட்டலோபிராம் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூளை ஒவ்வொரு இரண்டாம் நாளும் பாதி நிறுத்தலைச் சந்திக்கும். இதே நோய்க்குத் தரும் ஃபுளூவாக்ஸெடின் போன்ற மருந்து வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் மெதுவாகத் தானே இறங்கும். வென்லாஃபாக்ஸினும் பராக்ஸெடினும் விரைவில் வெளியேறிவிடுவதால் அவற்றை விடுவது பலருக்குக் கடினம்.

மூளைக்குள் நடப்பதைக் குளத்து மடையை வைத்துச் சொன்னார். நரம்பணுக்களுக்கு இடையில் வெளியாகும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதம் ஒன்று இருக்கிறது. மாத்திரை அந்த மடையை அடைக்கிறது; வெளியே செரட்டோனின் ஏறி நிற்கிறது. இது சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். மனம் தெளிய மட்டும் வாரங்கள் ஆகும், ஏனென்றால் ஏறிய அளவுக்கு ஏற்ப மூளை தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்: செரட்டோனினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மந்தப்படும், இணைப்புகள் மாறும். ஆண்டுக்கணக்கில் அப்படிப் பழகிய மூளையிடம் மடையைச் சட்டென்று திறந்துவிட்டால் அது தடுமாறத்தான் செய்யும். உடலின் செரட்டோனினில் 90 சதவீதம் அளவுக்குக் குடலில்தான் இருக்கிறது என்பதையும் இவரிடமே தெரிந்துகொண்டேன். மாத்திரை தொடங்கிய நாட்களில் வந்த குமட்டலுக்கு அப்போதுதான் எனக்குக் காரணம் புரிந்தது.

"எனக்குச் செரட்டோனின் குறைவு என்று முன்பு சொன்னார்களே?" என்று கேட்டேன். அப்படி யாருக்கும் அளந்து பார்த்துச் சொல்வதில்லை என்றார். மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என 2022-இல் 'மாலிக்யூலர் சைக்கியாட்ரி' இதழில் வந்த விரிவான ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதற்காக மருந்து பயனற்றது என்று ஆகிவிடாது, பலருக்கு உதவுகிறது, எனக்கும் உதவியது என்று அதே மூச்சில் சொன்னார். ஒரு நோயாளியை இவ்வளவு மதித்து உண்மையைச் சொன்ன மருத்துவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வளைவு வரைந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். எஸ்சிட்டலோபிராமின் மூல மருந்தான சிட்டலோபிராமை வைத்துக் கணக்குச் சொன்னார். அதில் 20 மி.கி. ஏறக்குறைய என்னுடைய 10 மி.கி.க்குச் சமம். 20 மி.கி. அளவில், செரட்டோனினை உள்ளே இழுக்கும் அந்தப் புரதத்தில் சுமார் 80 சதவீதம் அடைபடுகிறது. இரட்டிப்பாக்கி 40 மி.கி. கொடுத்தாலும் 86தான். ஆனால் 5 மி.கி.க்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போதே 60 சதவீதம் அடைபட்டுத்தான் இருக்கிறது. அதாவது மேலிருந்து முக்கால் பங்கு மருந்தைக் குறைத்தாலும் மூளை 20 புள்ளி இறக்கத்தைத்தான் உணர்கிறது; மீதமிருக்கும் சிறு துண்டை ஒரேயடியாக விடும்போது 60 புள்ளி சரிகிறது. 'பாதியாக்கு, பிறகு நிறுத்து' என்ற முறையில் பலர் கடைசியில் விழுவது இதனால்தான். குறைக்கக் குறைக்க அடுத்த படி இன்னும் சிறிதாக இருக்க வேண்டும் என்று 2019-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதியதும் இதையே.

எனக்குப் போட்ட படிகள்: 10, 7.5, 5, 2.5, பிறகு 5 மி.கி. மாத்திரையில் கால் துண்டு. ஒவ்வொரு படியிலும் உடல் அடங்கிய பிறகே அடுத்தது. தேதியை அவர் தானாகக் குறிக்கவில்லை. என் தொழிலைக் கேட்டுவிட்டுக் குறித்தார். இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாதங்களிலும், மழையில் வெட்டு இல்லாத வாரங்களிலும் வருமானம் இருக்காது, மனமும் தளரும். அந்த நாட்களில் இருக்கும் அளவிலேயே நிற்கச் சொன்னார். ஒவ்வொரு படி இறங்கிய முதல் வாரமும் சரிவான பகுதியை என் தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

என் மனைவியையும் அறைக்குள் அழைத்தார். "இவர் மாறுவது இவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் முதலில் தெரியும்" என்று சொல்லி, பார்க்க வேண்டியவற்றை எழுதிக்கொடுத்தார். குறைத்த சில நாட்களில் தலைச்சுற்றல், ஷாக், குமட்டல் என்று புதிய தொல்லைகள் வந்து, பழைய அளவுக்குத் திரும்பியதும் சீக்கிரம் அடங்கினால் அது பெரும்பாலும் மருந்து விடும் தொல்லை. வாரங்கள், மாதங்கள் கழித்து, பழைய சோர்வும் உறக்கமின்மையும் மெல்ல ஊர்ந்து வந்தால் அது நோய் திரும்புவது. இந்த வேறுபாட்டை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால், ஆயுள் முழுக்க என்ற தீர்ப்பைச் சுமந்து நான் திரிந்திருக்க வேண்டியதில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் கிளினிக்கை அழைக்கவும், இரவானால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416-ஐ அழைக்கவும் அதே தாளில் எழுதியிருந்தார்.

பயமுறுத்தவும் இல்லை, பொய்யான தைரியம் தரவும் இல்லை. மருந்தை விடும்போது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொல்லை வருகிறது, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விட்டவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு அப்படி வந்தது, கடுமையாக வருவது 3 சதவீத அளவில் என்று 2024-இல் வந்த ஆய்வுத் தொகுப்பைச் சொன்னார். இன்னொரு கணக்கும் சொன்னார். பிரிட்டனில் நெடுங்காலம் மருந்து சாப்பிட்டு நலமாக இருந்தவர்களில், தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. முடிவை எங்களிடமே விட்டார். பலமுறை நோய் திரும்பியவர்கள் தொடர்ந்து சாப்பிடுவதே நல்லதாக இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. கிளினிக்கோடு சேர்ந்த மருந்துக்கடையில் மாத்திரையின் பெயரை ஊருக்கே கேட்கும்படி சொல்லி எடுக்கிறார்கள். தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று அஞ்சித் திருவனந்தபுரம் வரை போய்வரும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் இங்கே வர வேண்டுமானால் இது மாற வேண்டும். கால் துண்டு வெட்டும்போது மாத்திரை பொடிந்துவிடுகிறது. அளந்து குடிக்கும் திரவ மருந்து கேட்டேன், அந்தக் கடையில் கிடைக்கவில்லை. மாத்திரை வெட்டும் சிறு கருவியை வெளியே வாங்கினேன். மாடிப்படி செங்குத்தானது, முதியவர்களுக்குச் சிரமம்.

நான் இப்போது கால் துண்டில் இருக்கிறேன். ஷாக் எப்போதாவது ஒருமுறை வந்து போகிறது. கட்டணம் முதல் முறை 500 ரூபாய், பிறகு 300. மாலையில் கூட்டம் அதிகம், காலையில் போனால் டாக்டர் அம்மாவிடம் நிதானமாகப் பேசலாம். போகும்போது பழைய சீட்டுகளையும், வலி மாத்திரை உட்பட வேறு என்ன சாப்பிட்டாலும் அதன் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்ப்பார்.