லேப்ல உண்டாக்கின கருவை கர்ப்பப்பைல வைக்கிறது மூணாம் நாளா அஞ்சாம் நாளா? நல்ல கருவை பொறுக்க கண்ணால பாத்தா போதுமா, டெஸ்டும் பண்ணனுமா?

ஹட்டன்ல இருந்து கினிகத்தேன, அவிசாவளைன்னு வளைஞ்சு வளைஞ்சு கொழும்புக்கு ஐவிஎஃப் (முட்டையை வெளிய எடுத்து லேப்ல கருவாக்கி திரும்ப வைக்கிறது) பண்ண போய் வந்தவ எழுதுறேன், பாதி கணக்கு பஸ்ல உக்காந்து போட்டது தான். எனக்கு 34 வயசு, 9 முட்டை எடுத்தாங்க, 6 கரு ஆச்சு.

மூணாம் நாள் கருவுல சுமார் 8 செல் இருக்கும், எது நிக்கும் எது நிக்காதுன்னு பாத்து சொல்றது கஷ்டம். அஞ்சாம் நாள் வரைக்கும் லேப்ல விட்டா பிளாஸ்டோசிஸ்ட், அதாவது நிறைய செல்லோட விரிஞ்ச கரு ஆகும், ஒட்டுற சான்ஸும் கூட, ஆனா பாதிக்கு பாதி நடுவுலயே நின்னுரும், எனக்கும் 6ல 3 தான் தேறிச்சு. ரெண்டே ரெண்டு கரு இருக்கவங்க அஞ்சு நாள் காத்திருந்து, வைக்க ஒண்ணுமே இல்லைன்னு போன் வந்தா என்ன பண்றது? அவங்க மூணாம் நாளே வச்சிரலாம்னு தான் நா சொல்வேன், பொறுக்கி எடுக்க அங்க என்ன இருக்கு.

எனக்கு தலைவலி குடுத்தது அடுத்த விஷயம். ரிப்போர்ட்ல 4ஏஏ, 4ஏபி, 3பிபின்னு போட்டிருந்துச்சு. நம்பர் கரு எவ்ளோ விரிஞ்சிருக்குன்னு, முதல் எழுத்து பிள்ளையாகுற செல்லுக்கு, ரெண்டாவது நச்சுக்கொடியாகுற செல்லுக்கு. ஏ தான் உசத்தி, பி அதுக்கு அடுத்தது. எல்லாம் மைக்ரோஸ்கோப்ல கண்ணால பாத்து போடுற மார்க். நர்சரில தேயிலை கன்னு வளத்த எங்கம்மா "பாக்க செழிப்பா இருந்தா போதுமாடி, வேர் எப்பிடின்னு யாருக்கு தெரியும்"னு கேட்டாங்க. அந்த வேரை பாக்கற மாதிரி தான் பிஜிடி-ஏங்கிற டெஸ்ட், நச்சுக்கொடி பக்கம் ஒரு சில செல்லை எடுத்து 46 குரோமோசோமும் சரியா இருக்கான்னு எண்ணுறது.

கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா 25லருந்து 40 வயசு வரைக்கும் உள்ளவங்கள வச்சு செஞ்சு 2019ல வந்த ஆய்வுல டெஸ்ட் பண்ணி வச்சதுல 50% நின்னுச்சு, கண்ணால பாத்து வச்சதுல 46%, பெரிசா வித்தியாசம்னு சொல்ல முடியாது. 2021ல சீனாவுல 1212 பேர், எல்லாம் 37 வயசுக்குள்ள, குறைஞ்சது மூணு நல்ல கரு இருக்கவங்க, மூணு தடவை வரைக்கும் ஒவ்வொண்ணா வச்சு பாத்ததுல பிள்ளை கிடைச்சது டெஸ்ட் பண்ணவங்கள்ல 77.2%, பண்ணாதவங்கள்ல 81.8%! டெஸ்ட் கருவை நல்லதாக்காதுங்க, எதை முதல்ல வைக்கணும்னு வரிசை தான் போடும். அதனால அந்த காசை அடுத்த தடவைக்கு வச்சுக்கிட்டேன்.

38, 40 தாண்டினவங்க, திரும்ப திரும்ப கலைஞ்சவங்க கதை வேற. வயசு ஏற ஏற குரோமோசோம் கோளாறு கூடும், நிக்காத கருவை வச்சு, கலைஞ்சு, அழுது, பேரும் விழாம (அன்னிக்கு நாள் சம்பளம் போயி) மறுபடி பஸ் ஏறுறதுக்கு டெஸ்ட் எவ்ளோவோ மேல்.

கேமரா வச்சு கருவை படம் புடிக்கிற இன்குபேட்டர்னு சொன்னா காசு கட்டாதீங்க, 2024ல வந்த பெரிய ஆய்வுல அதால பிள்ளை பிறக்கறது கூடல.

எனக்கு 4ஏஏ ஒட்டவே இல்ல. 4ஏபி இப்ப வயித்துக்குள்ள ஒதைக்குது. 3பிபி கொழும்புல ஃப்ரீஸ் ஆகி கெடக்கு, அதுக்கு வருஷா வருஷம் ஃபீஸ் வேற கட்டணும்.