வின்னிபெக், ரெஜைனா, ஹாமில்டன்: எந்த ஊர் ஃபுட்பால் வர்ணனை மேல்?

கனடிய ஃபுட்பால் லீக் (நம் கால்பந்து அல்ல; பந்தைக் கையில் ஏந்தி ஓடும், அமெரிக்கன் ஃபுட்பால் போன்ற ஆட்டம்) 2008 முதல் தொலைக்காட்சியில் டிஎஸ்என் என்ற விளையாட்டுச் சேனல் வசம். நாடு முழுவதற்குமான வர்ணனை என்பதால் அதில் யார் பக்கமும் சாய முடியாது. நம்ம ஊர் அணி தோற்றால் கூடவே நொந்துகொள்ளும் குரல் வேண்டுமென்றால் உள்ளூர் வானொலிதான். அந்த வேலையை மூன்று ஊர்கள் மூன்று விதமாகச் செய்கின்றன.

முதலில் வின்னிபெக். அந்த ஊர் அணியான புளூ பாம்பர்ஸின் ஆட்டங்கள் 680 சிஜேஓபி வானொலியில். பாப் இர்விங் 1974-இலிருந்து 2021 வரை அங்கே வர்ணனை செய்தார். மைதானத்தின் ஊடக அரங்கத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த மரியாதை சும்மா வந்ததில்லை. கனடிய விதிப்படி பந்தைப் பத்து யார்டு முன்னேற்ற ஒரு அணிக்கு மூன்றே டவுன், அதாவது மூன்றே முயற்சி; ஆளோ பன்னிரண்டு பேர். ஒரு முயற்சி முடிந்து நடுவர் ஊதியதும், அடுத்ததைத் தொடங்கப் பல்லாண்டுகளாக 20 வினாடிதான் இருந்தது. அதற்குள் பந்தை எடுத்தது யார், எத்தனை யார்டு, மடக்கியது யார், இனி எந்த டவுன் என்று நான்கையும் சொல்லி முடிக்க வேண்டும். கண்ணால் பார்க்காதவனுக்கு இதில் ஒன்று விடுபட்டாலும் ஆட்டம் கை நழுவிவிடும்.

அடுத்து ரெஜைனா. அந்த ஊர் அணியான ரஃப்ரைடர்ஸ் 620 சிகேஆர்எம் வானொலியில். கன்ட்ரி பாட்டும் விவசாயச் செய்தியும் போடும் நிலையம் இது. சாஸ்காட்செவன் மாகாணம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ரசிகர்களுக்கு அதுவே பொருத்தம். சமவெளி மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், குறைந்த அதிர்வெண் ஏஎம் அலைகள் தரையோடு வெகுதூரம் போகும். டிராக்டரில் இருப்பவருக்குச் செயலியும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். வீச்சில் ரெஜைனாவை அடிக்க ஆளில்லை. குரலில்தான் நஷ்டம்: ரஃப்ரைடர்ஸின் வர்ணனையாளராக இருந்த டெரெக் டேய்லர், 2022-இல் இர்விங்கின் நாற்காலிக்குப் போய்விட்டார். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே விடுமுறை வாரத்தில் இந்த இரண்டு அணிகளும் எப்படி முட்டிக்கொள்ளும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் சூடு புரியும்.

மூன்றாவது ஹாமில்டன். பல பத்தாண்டுகள் அந்த ஊர் அணியான டைகர்-கேட்ஸின் வீடாக இருந்தது 900 சிஹெச்எம்எல் வானொலி. 2015-இல் ஆட்டங்கள் டிஎஸ்என் 1150 வானொலிக்கு மாறின. 2021 பிப்ரவரியில் அதன் உரிமையாளரான பெல் நிறுவனம் அந்த நிலையத்தைத் திடீரென்று வணிகச் செய்திக்கு மாற்றிவிட்டது. வேறு வழியில்லாமல் அணியே சொந்தமாக இணைய ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒலி துல்லியம், இரைச்சல் கிடையாது, வெளிநாட்டில் இருப்பவரும் கேட்கலாம். ஆனால் இணைய ஒலி தாமதமாக வரும். மைதானத்தில் உட்கார்ந்து காதில் மாட்டினால், கண் முன்னே பந்து கோட்டைத் தாண்டி டச் டவுன் ஆகி எல்லோரும் எழுந்து கத்திய பிறகுதான் வர்ணனையாளர் பந்தையே கையில் எடுப்பார்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. செயலியைத் திறப்பவர் ஏற்கெனவே ரசிகர். காரில் நிலையம் மாற்றும்போது தற்செயலாக ஆட்டம் காதில் விழுந்து, அப்படியே ஒட்டிக்கொள்ளும் ஆளை இந்த ஏற்பாட்டில் பிடிக்க முடியாது. அப்புறம், சம்பளம் கொடுப்பதே அணி என்னும்போது பயிற்சியாளரை எவ்வளவு கடிந்து பேசுவார்கள்? சிஜேஓபி-யும் அணியோடு ஒப்பந்தம் போட்ட நிலையம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அது ஊர்ச் செய்தியையும் நாள் முழுக்கப் பேசுகிற நிலையம்; பேச்சில் கொஞ்சம் தூரம் இருக்கும்.

ஆகவே கேட்க என்றால் என் தேர்வு வின்னிபெக், நெடுஞ்சாலையில் ஓட்டிப் போகிறவருக்கு ரெஜைனா. ஒரே ஒரு உறுத்தல். 2024 ஆகஸ்டில் சிஹெச்எம்எல்-ஐ மூடிய கோரஸ் நிறுவனம்தான் சிஜேஓபி-க்கும் முதலாளி. அங்கேயும் பூட்டு விழுந்தால் வின்னிபெக்காரர்கள் ஹாமில்டனிடம்தான் போய் வழி கேட்க வேண்டியிருக்கும்.