நான்கு ரூபாய் பிளேடு: ஆறு ஆண்டு அனுபவம்

2019 ஜூன் மாதம் ஒரு மாலை, பல்பொருள் அங்காடியில் பில் போடும் வரிசையில் நின்றிருந்தேன். கூடையில் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை ஒன்று. அதன்மேல் நான்கு ரேசர் தலைகள் அடங்கிய சிறிய அட்டை ஒன்று. அரிசி 260 ரூபாய், அட்டை 460 ரூபாய். அந்த அட்டையை எடுப்பதற்கே ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு, கண்ணாடி அலமாரியின் பூட்டைத் திறக்கச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் நான்கு பேர் ஒரு வாரம் சாப்பிடும் அரிசியைவிட என் முகத்தை மழிக்கும் பொருள் விலை கூடியதாக இருக்கிறதே என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் உறுத்தியது.

மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் தாடிகூட முகத்தில் தெரியக் கூடாது என்பது அங்கே விதி. வார விடுமுறை நீங்கலாக மாதம் 26 நாள் சவரம் செய்தாக வேண்டும். அப்போது வைத்திருந்த மூன்று பிளேடு ரேசரின் ஒரு தலை ஒன்பது சவரம் வரை தாங்கும். பத்தாம் நாள் முடியை வெட்டாது, பிடித்து இழுக்கும். மாதத்துக்கு மூன்று தலை, 345 ரூபாய். ஆண்டுக்கு 4,140 ரூபாய். கைப்பிடியை மட்டும் எப்போதோ சலுகை விலையில், ஒரு தலையுடன் சேர்த்து, 150 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பணம் ஒருபுறம் இருக்க, கழுத்தும் புண்ணாகிக்கொண்டிருந்தது. எனக்குக் கழுத்து முடி சுருட்டை. பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைச் சற்றே வெளியே இழுக்க, பின்னால் வரும் பிளேடு அதைத் தோலை ஒட்டி, சில வேளை தோல் மட்டத்துக்கும் கீழே, வெட்டிவிடுகிறது. விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்படுவது இந்த வழவழப்புதான். ஆனால் சுருட்டை முடி மறுபடி வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே சுருண்டுகொள்கிறது. குரல்வளைக்கு இருபுறமும் சிவந்த கொப்புளங்கள் எனக்கு எப்போதும் இருக்கும். சட்டைக் காலர் உரசினால் எரியும்.

விடுதிக்குப் பின் தெருவில் சலூன் வைத்திருக்கும் அண்ணனிடம்தான் முடி வெட்டிக்கொள்வேன். அவர் மழித்துவிட்ட நாட்களில் மட்டும் கழுத்தில் ஒன்றும் வருவதில்லை. ஒரு நாள் காரணம் கேட்டேன். பதில் சொல்லாமல் மேசையிலிருந்து ஒரு பிளேடை எடுத்துக் காட்டினார். காகித உறையைப் பிரிக்காமலே நீளவாக்கில் மடித்தார். ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிளேடு நடுவில் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியைக் கத்தியில் செருகினார். மறுபாதியைக் காகிதத்தோடு தனியே வைத்தார், அது அடுத்தவருக்கு. அவர் தொழில் பழகிய நாளில் எல்லோருக்கும் ஒரே மடக்குக் கத்திதானாம், தோல்வாரில் தீட்டித் தீட்டிப் பயன்படுத்துவார்களாம். எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு பரவிய பிறகு ஆளுக்கொரு புது பிளேடு என்றாகிவிட்டது. “இந்தப் பாதி பிளேடு இரண்டு ரூபாய் இருக்குமா தம்பி? ஒரு முகத்துக்கு இது தாராளம். தண்ணீரும் பொறுமையும்தான் முடியை எடுக்கின்றன. கத்தி கடைசியில் வந்து போகிறது, அவ்வளவுதான்” என்றார்.

அடுத்த வாரமே டவுன்ஹால் ரோடு அருகே ஒரு ஃபேன்சி கடையில் பழைய மாதிரி ரேசர் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன். கைப்பிடி, அடித்தட்டு, மேல்மூடி என மூன்று பாகம். சலூனில் பார்த்த அதே வகை பிளேடை முழுதாக நடுவில் வைத்துத் திருகினால் முடிந்தது வேலை.

முதல் இரண்டு வாரங்கள் கடினமாகத்தான் இருந்தன. வழக்கமான ரேசரின் தலை முகத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தானே சாயும். அதனால் கையை அழுத்தும் பழக்கம் வந்துவிடுகிறது. இதில் தலை சாயாது, கைதான் சாய வேண்டும். மூன்றாம் நாள் தாடையோரத்தில் வெட்டிக்கொண்டு, வெள்ளைக் காலரில் ரத்தப் பொட்டோடு வேலைக்குப் போய் நின்றேன். மறுநாள் சலூன் அண்ணன் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். கைப்பிடியைத் தரைக்கு இணையாகப் பிடித்து, மூடியின் உச்சியைக் கன்னத்தில் வைக்க வேண்டும். அப்போது பிளேடு தோலில் படாது. பிறகு கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வர வேண்டும். பிளேடு முடியைத் தொட்டு ‘சர்’ என்று ஓசை கேட்கும் இடம் ஒன்று வரும். கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்வு. அந்தச் சாய்வைக் கை மறக்காமல் இருந்தால் போதும். அழுத்தம் கொடுக்கவே கூடாது. ரேசரின் எடை மட்டும் இறங்கினால் போதும். குளியலறைக் காற்றாடியை நிறுத்திவிட்டுச் செய்தால் அந்த ஓசை நன்றாகக் கேட்கும். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். நல்ல பிளேடு தெளிவாகச் சரசரக்கும். ஓசை மங்கி, கை தானாக அழுத்தத் தொடங்கினால் பிளேடை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அண்ணன் சொன்ன தண்ணீர் விஷயத்தை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ந்த தாடி முடி விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடம் ஈரம் ஊறினால் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து மெத்தென்றாகி, வெட்டுவதற்கு மிகக் குறைந்த விசையே போதுமானதாகிவிடுகிறது. இப்போது முதலில் குளித்துவிட்டு, பிறகுதான் சவரம். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், கடுமையான உப்பு. பிரஷ்ஷை எவ்வளவு சுழற்றினாலும் நுரை கட்டாமல் தயிர்போல் திரிந்துவிடும். குடிக்கப் பிடித்து வைக்கும் மாநகராட்சித் தண்ணீரில் அரைக் குவளை எடுத்து நுரை கட்டினேன். அதே கிரீம், அதே பிரஷ், ஆனால் வெண்ணெய் போல் நுரை வந்தது. உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் இருப்பவர்கள் ரேசரையோ பிளேடையோ குறை சொல்வதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவிப் படிகாரக் கட்டியை ஈரத்தோடு ஒருமுறை தேய்க்கிறேன். எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறேன் என்று பொருள். 30 ரூபாய்க்கு வாங்கிய கட்டி மூன்றாம் ஆண்டாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. மூன்றே மாதத்தில் கழுத்துக் கொப்புளங்கள் அடங்கிவிட்டன. இதற்காக மட்டுமே மாறியிருந்தாலும் தகும்.

இந்த பிளேடு ஏன் இவ்வளவு மலிவு என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். கிங் கேம்ப் கில்லெட் என்ற அமெரிக்கர் இதை விற்கத் தொடங்கியது 1903-இல். அந்த ஆண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். 1904-இல் காப்புரிமை கிடைத்தது. ரேசரைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதிக்கும் உத்தியைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் காப்புரிமை இருந்த காலம் முழுவதும் அவருடைய ரேசரின் விலை 5 டாலர். அந்நாளில் அது பெரிய தொகை. 1921-இல், காப்புரிமை முடியும் தறுவாயில்தான், அவருடைய ஒரு டாலர் ரேசர் வந்தது. காப்புரிமை முடிந்ததும் அந்த வடிவம் பொதுச்சொத்தானது. இன்றுவரை பொதுச்சொத்தாகவே இருக்கிறது. யார் செய்த பிளேடும் யார் செய்த ரேசரிலும் பொருந்தும். பல பிளேடு ரேசர்களின் கதை வேறு. ஒரு நிறுவனத்தின் கைப்பிடிக்கு அதே நிறுவனத்தின் தலைதான் பொருந்தும் என்று இணைப்பையே பூட்டுச் சாவி போல் அமைத்துவிடுகிறார்கள். 1971-இல் இரண்டு பிளேடு, 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து என்று எண்ணிக்கை ஏறியபோதெல்லாம் பூட்டும் புதிதானது. ஒரு தலைக்கு நான் கொடுத்த 115 ரூபாயில் பெரும்பங்கு அந்தப் பூட்டுக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம். எஃகுக்கு அவ்வளவு விலை கிடையாது.

பிளேடு வாங்குவதில் ஒரே அறிவுரைதான். ஐந்து பிளேடு பொட்டலமாக ஒவ்வொரு வகையிலும் ஒன்று வாங்கி, எது முகத்துக்கு ஒத்துவருகிறது என்று பாருங்கள். டோபாஸ், செவன் ஓ கிளாக் போன்றவை மளிகைக் கடையிலேயே கிடைக்கும். நான் டோபாஸில் நிலைத்துவிட்டேன்; தம்பிக்கு செவன் ஓ கிளாக்தான் சரிப்படுகிறது. இணையத்தில் புகழ்கிறார்களே என்று ஜப்பானிய பிளேடு ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். அந்தக் கூர்மை என் கைக்கு அதிகம்.

ஒரு பிளேடில் நான்கு சவரம் செய்கிறேன், அதற்குமேல் இழுப்பதில்லை. 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முடி எஃகைவிட 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி வளைந்து பிளேடின் விளிம்பில் மோதும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது என்பதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்கள். பார்வைக்குப் புதிது போலிருக்கும் பிளேடு ஐந்தாம் நாள் கீறுவது ஏன் என்பது அதைப் படித்தபின் எனக்கு விளங்கியது. நான்கு ரூபாய் பிளேடை ஏழு நாள் ஓட்டுவது சிக்கனமாகாது.

முதலில் வாங்கிய ரேசர் நிலைக்கவில்லை. ஓராண்டிலேயே முலாம் உரிந்தது. பிறகு ஒரு நாள் கைதவறித் தரையில் விழுந்ததும் மூடியின் திருகு ஒடிந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பொரபொரவென்றிருந்தது, துத்தநாகக் கலவை. 2020 கடைசியில், பித்தளையில் செய்து குரோமியம் பூசிய ரேசரை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்து ஆண்டாக அதுதான். உப்புப் படிந்தால் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் துடைத்து உடனே கழுவிவிடுகிறேன். முதலிலேயே பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ வாங்கியிருந்தால் 350 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

மொத்தக் கணக்கு இது. ஆண்டுக்கு 78 பிளேடு. விலை கூடியும் குறைந்தும் இருந்தாலும் சராசரி நான்கு ரூபாய். ஆறு ஆண்டில் 468 பிளேடு, 1,872 ரூபாய். இரண்டு ரேசருக்கு 1,550. ஆக 3,422 ரூபாய். அந்த மூன்று பிளேடு ரேசரையே வைத்திருந்தால், 2019 விலையிலேயே 24,840 ஆகியிருக்கும். 21,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். அதில் ஒரு பங்கு மகளின் சைக்கிளாக வாசலில் நிற்கிறது.

எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். என் அப்பாவுக்குக் கை நடுக்கம் உண்டு. அவர் கையில் இந்த ரேசரைக் கொடுக்கவே மாட்டேன். அவருக்கு கில்லெட் கார்ட் வாங்கி வைத்திருக்கிறேன். 2010-இல் இந்தியாவுக்கென்றே ரேசர் 15 ரூபாய், தலை ஐந்து ரூபாய் என்று கொண்டுவந்தார்கள். குழாய்த் தண்ணீர் ஓடாத வீட்டில், ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு சவரம் செய்கிறவர்களைப் பார்த்து வடிவமைத்தது. ஒரே பிளேடு, முடி அடைக்காத அகலமான இடைவெளி. சுருட்டை முடிக்காரர்களுக்கும் நல்லது. விமானப் பயணத்தில் எனக்கும் அதுதான் துணை. தனி பிளேடைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள்.

கடைசியாக, தீர்ந்த பிளேடு. இதை மட்டும் தயவுசெய்து குப்பைப் பையில் போடாதீர்கள். எங்கள் தெருக் குப்பையைத் தரம்பிரிக்கும் அம்மா, கையுறை இருந்தும் இல்லாமலும், பைக்குள் கையைவிட்டுத்தான் பிரிக்கிறார். காகிதத்தில் சுற்றிப் போட்டாலும் பிளேடு காகிதத்தை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பழைய அமெரிக்க வீடுகளின் குளியலறை அலமாரியில் சிறு துளை இருக்கும். பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழுந்து கிடக்கும். நான் ஒரு கெட்டிப்பால் டின்னின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறி, பாலை வடித்துக் கழுவி வைத்துக்கொண்டேன். ஆறு ஆண்டுக்கு அந்த ஒரு டின் போதுமானதாக இருந்தது. போன மாதம் எடை போட்டேன். டின்னோடு சேர்த்து 350 கிராம்கூட வரவில்லை. கீறலை எம்-சீல் வைத்து அடைத்து, நான்கு பக்கமும் ‘பிளேடு, திறக்க வேண்டாம்’ என்று எழுதி, பழைய இரும்புக் கடைக்காரர் கையிலேயே கொடுத்து விவரம் சொல்லிவிட்டு வந்தேன். புதிய டின்னில் இப்போது ஆறு பிளேடுகள் கிடக்கின்றன.