ஒம்மாவும் மோச்சினும்: கொரிய மொழியில் காம்யுவின் 'அந்நியன்'

ஆல்பெர் காம்யு 1942-இல் வெளியிட்ட 'அந்நியன்' நாவலுக்குக் கொரிய மொழியில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் உள்ளன. கிம் ஹ்வா-யோங் மொழிபெயர்த்து, மினும்சா பதிப்பகத்தின் உலக இலக்கிய வரிசையில் 2011-இல் வெளியான 'இபாங்கின்' அவற்றுள் ஒன்று. கிம், காம்யுவைப் பற்றி ஆய்வு செய்து பிரான்சில் முனைவர் பட்டம் பெற்றவர். கொரியா பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்தவர். காம்யுவின் படைப்புகளை 20 தொகுதிகளாகக் கொரிய மொழிக்குக் கொண்டுவந்தவர். இத்தனை ஆண்டுகள் ஒரே ஆசிரியரோடு குடித்தனம் நடத்தியவரின் கை, நாவலின் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது.

தாய் இறந்துபோன செய்தியைச் சொல்லும் அந்த வாக்கியம் பிரெஞ்சில் மிகச் சாதாரணமானது. இறப்பைக் குறிக்க எல்லோரும் வழங்கும் வினைதான் அதில் இருக்கிறது. கொரிய மொழியிலோ, பெற்றோரைப் பற்றிப் பேசும்போது வினைச்சொல்லும் மரியாதை காட்டுவது வழக்கம். தன் தாய் இறந்ததைச் சொல்ல நேர்கிற ஒருவர், 'திரும்பிச் சென்றார்' என்ற பொருளை அடியில் வைத்திருக்கும் 'தொராகாசிதா' என்ற வினையையே பொதுவாக எடுப்பார். கிம் அதைத் தவிர்த்து, மரியாதை எதுவும் ஒட்டாத 'சுக்தா' என்ற வெறும் வினையை வைத்திருக்கிறார். எழுவாயாக நிற்பதோ 'ஒம்மா', அதாவது குழந்தை கூப்பிடும் அம்மா. இவ்வளவு நெருக்கமான சொல்லும் இவ்வளவு வறண்ட வினையும் அடுத்தடுத்து நிற்கும்போது, பிரெஞ்சு வாசகர் தடையின்றிக் கடந்துவிடும் இடத்தில் கொரிய வாசகர் ஒரு கணம் திடுக்கிடுகிறார். மூலத்தில் இல்லாத கடுமை இது என்று ஒருவர் வாதிடலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை. தாயின் சவ அடக்கத்தில் அழாத குற்றத்துக்காகவே கதையைச் சொல்லும் நாயகன் மெர்சோவை நீதிமன்றம் தண்டிக்கிறது என்றால், அந்த விசாரணை கொரிய மொழியில் முதல் வரியின் இலக்கணத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்து வரும், தாயின் மரணத்தை மெர்சோவுக்கு அறிவிக்கும் தந்தியில் மொழி சட்டென்று மாறுகிறது. 'ஒம்மா' போய் 'மோச்சின்' வருகிறது. 'நாளை' என்பதற்கு அன்றாடப் பேச்சில் வழங்கும் 'நெயில்' போய், பழைய அலுவலகத் தாள்களின் வாடை வீசும் 'மியோங்இல்' வருகிறது. எல்லாம் சீன வேர்கொண்ட சொற்கள். நாம் 'அம்மா' என்று சொல்லிக்கொண்டிருக்கையில், அரசு படிவம் ஒன்று 'தாயார் காலமானது' என்று குறுக்கிடுவதுபோல் இருக்கிறது. ஆனால் தந்தியின் கடைசிச் சொல்லில் சிறிய இழப்பு நேர்ந்திருக்கிறது. பிரெஞ்சில் அது எந்தக் கடிதத்தையும் முடிக்க உதவும் சம்பிரதாயத் தொடர். வணிகக் கடிதத்தின் அடியிலும் அதே தொடர் வரக்கூடும் என்பதில்தான் அதன் குரூரம் இருக்கிறது. கொரிய மொழிபெயர்ப்பில் உள்ள 'குன்ஜோ', இறந்தவருக்கு அஞ்சலி செலுத்தும் மலர்வளையங்களில் காணப்படும் சொல். இடத்துக்குப் பொருந்துகிறது; பொருந்திவிடுவதாலேயே மூலத்தின் பொருந்தாமை காணாமற்போகிறது.

நாவலின் நடை குறித்து ஒன்று சொல்ல வேண்டும். இதன் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943-இல் எழுதினார். எழுத்து வழக்குக்குரிய இறந்தகாலத்தைக் காம்யு ஒதுக்கி, பேச்சில் வழங்கும் இறந்தகாலத்தில் கதை சொன்னது அதற்கு ஒரு காரணம். கொரிய மொழியில் அப்படி இருவகை இறந்தகாலம் இல்லை. எனினும் உரைநடையில் ஏறத்தாழ ஒவ்வொரு வாக்கியமும் 'தா' என்ற அசையில் முடிவதால், குட்டைக் குட்டையான வாக்கியங்கள் அடுக்கி வரும்போது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் ஓசை கேட்கிறது. தமிழில் வினைமுற்று திணை, பால், இடம் காட்டி மாறிக்கொண்டே இருப்பதால் இந்த ஒற்றை ஓசை நமக்குக் கிடைப்பதில்லை. வெ. ஸ்ரீராமின் தமிழாக்கத்தில் 'அந்நியன்' படித்தவர்கள் இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்.

அண்டை வீட்டுக்காரன் ரேமோனுக்காக மெர்சோ ஒரு கடிதம் எழுதித் தரும் காட்சியையும் பார்க்க வேண்டும். கடிதம் முடிந்ததும் ரேமோன் தன்னை ஒருமையில் அழைத்துக்கொண்டிருப்பதை மெர்சோ தாமதமாகத்தான் உணர்கிறான். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பாளரைத் திண்டாடவைக்கும் இந்த இடம், மரியாதைப் பேச்சிலிருந்து 'பான்மால்' எனும் ஒருமைப் பேச்சுக்கு இறங்கும் வழக்கமுள்ள கொரிய மொழியில் இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

2014-இல் வேறொரு புதிய மொழிபெயர்ப்பு, இதுவரை கொரியர்கள் படித்தது காம்யுவின் நாவலே அல்ல என்ற அறைகூவலோடு வந்து, கிம்மின் பதிப்பைக் கடுமையாகச் சாடியது. அந்தச் சர்ச்சை பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. வரிக்கு வரி ஒப்பிடும் பழக்கத்தை வாசகரிடையே உண்டாக்கியது அதன் நற்பயன். அந்த அறைகூவல் மிகையானது என்றே கருதுகிறேன்.

நூல் அந்த வரிசைக்கே உரிய ஒடுங்கிய, நெட்டையான வடிவில் ஒரு கையில் அடங்குகிறது. கொரிய மொழியை இடைநிலை வரை கற்றவர்கள் முதற்பாகத்தை அகராதியின் துணையோடு படித்துவிடலாம். இரண்டாம் பாகத்தில் நீதிமன்றச் சொற்களும் பாதிரியாருடனான வாக்குவாதமும் வேகத்தைக் குறைக்கும். பொறுமையாகக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால், மரணத்தை எதிர்நோக்கிச் சிறையில் படுத்திருக்கும் மெர்சோ நெடுநாளைக்குப் பின் தாயை நினைக்கும் இடத்தில், முதல் வரியின் அதே 'ஒம்மா' காத்திருக்கிறது.